ராதாமணி கொடுத்த தண்ணீர்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. வாசல் பக்கம் அனல் அடிக்கிறது, இப்படி மின்விசிறிக்குக் கீழே தள்ளி உட்காருங்கள். செல்போனைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். யாருக்காவது தாகமாக இருந்தால் இப்போதே குடித்துவிடுங்கள். கதை நடுவில் தண்ணீர் கேட்டால் எனக்குச் சொல் ஓடாது.

இன்றைக்கு ஒரு கார் எஞ்சினுக்குத் தண்ணீர் கொடுத்த கதை சொல்லப்போகிறேன். சிரிக்கிறீர்களா? சிரித்துக்கொள்ளுங்கள், பின்னால் சிரிக்க இடம் இருக்காது. ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு கை மடங்கிப்போன கதையும் இதுதான். அந்தக் கை மறுபடி நீளுமா நீளாதா என்பதைக் கடைசி வரைக்கும் இருந்து கேளுங்கள். பாதியில் எழுந்து போனால் மனசில் முள் மாதிரி நிற்கும்.

திருமங்கலத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சீதாராமனுடைய துணிக்கடை. கடைக்கு மேலேயே வீடு. சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டுக்குள் அவர்களுக்கு அவர்கள் பாஷை, கடைக்கு இறங்கினால் நம்மைப் போலத்தான் பேச்சு. வீட்டில் பேசியதையும் நான் உங்களுக்குத் தமிழிலேயே சொல்கிறேன்.

சீதாராமனுடைய மனைவி ராதாமணி. சேலை எடுக்க வந்தவர், எடுக்காமல் விலை மட்டும் கேட்க வந்தவர், பஸ் வரும்வரை நிழலுக்கு ஒதுங்கியவர், யார் படியேறினாலும் அவள் முதலில் தண்ணீர் கொண்டுவருவாள். டம்ளரை மேசையில் வைத்து நகர்த்துகிற வழக்கம் அவளிடம் கிடையாது. அவள் கையிலிருந்து வந்தவர் கைக்கு. வாங்கிக் குடித்து முடிக்கிற வரைக்கும் நின்று பார்ப்பாள்.

"இவ தண்ணியிலேயே பாதிப் பேருக்கு வயிறு ரொம்பிருது. அப்பறம் எங்கிட்டு சேலை எடுக்கறது?" என்பார் சீதாராமன்.

"தண்ணி குடுக்காட்டி மட்டும் உங்க சேலையை அள்ளிக்கிட்டா போறாங்க?" என்பாள் அவள்.

அவர்களுக்கு ஒரே மகன், ஸ்ரீநாத். கம்ப்யூட்டர் வேலை. பாதி நாள் வீட்டு மாடியிலிருந்தே வேலை பார்ப்பான், மீதி நாள் மதுரைக்குப் போவான். கார் என்றால் அவனுக்கு உயிர். டர்போ வைத்த பெட்ரோல் கார் ஒன்று வாங்கினான். டர்போ என்றால் வேறொன்றுமில்லை. எஞ்சினுக்குள் போகிற காற்றை அமுக்கி, இன்னும் அதிகமாகத் திணிக்கிற ஒரு சின்னக் காற்றாடி. காற்று கூடினால் பெட்ரோல் கூடும், பெட்ரோல் கூடினால் வேகம் கூடும். கம்பெனிக்காரன் கொடுத்த வேகம் ஸ்ரீநாத்துக்குப் போதவில்லை. எந்தப் பிள்ளைக்குத்தான் போதுகிறது?

அதற்கு அவனிடம் ஆள் இருந்தான். ஜுல்பிகர். இரண்டு பேரும் ஒரே பாலிடெக்னிக்கில் படித்தவர்கள், அன்றிலிருந்து மாப்ள, மாப்ள என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். ஜுல்பிகர் வில்லாபுரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். வேகத்துக்கு ஆசைப்பட்ட பிள்ளைகளெல்லாம் அவனிடம்தான் வருவார்கள்.

ஒரு நாள் ஸ்ரீநாத் தன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு அங்கே போனான்.

"மாப்ள, இன்னும் கொஞ்சம் ஏத்திக் குடுடா."

"ஏத்தலாம்," என்றான் ஜுல்பிகர். "காத்தை அமுக்க அமுக்க சூடாகும். சூடான காத்துல பெட்ரோல் நம்ம சொல்ற நேரத்துக்கு வெடிக்காது, அது இஷ்டத்துக்கு வெடிக்கும். பிஸ்டன் உச்சி மண்டையில சுத்தியல வச்சு அடிக்கிற மாதிரி. அதுலயும் நம்மூரு வெயிலு."

"அப்ப வழியே இல்லையா?"

"இருக்கு. தண்ணி."

சீதாராமன் நிமிர்ந்து பார்த்தார். "ஏம்ப்பா, எஞ்சினுக்குள்ள தண்ணி போனா வண்டி செத்துரும்னுல்ல சொல்லுவாங்க?"

"செம்புல மோந்து ஊத்துனா செத்துரும்ப்பா. பனி மாதிரி பீய்ச்சுனா பொழைச்சுக்கும். டிக்கில ஒரு தொட்டி, ஒரு சின்ன மோட்டார், முன்னாடி காத்து போற குழாய்ல ஊசி முனை மாதிரி ஒரு நாசில். நீங்க அமுத்தி ஓட்டும்போது மட்டும் காத்தோட சேந்து தண்ணிப் புகை உள்ள போகும். சூடு தணிஞ்சிரும்."

சீதாராமன் தொடையில் தட்டிக்கொண்டார். "அப்ப எங்க அழகருக்குப் பீய்ச்சுற மாதிரின்னு சொல்லு!"

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கி வெயிலில் வருகிறாரே, அவர் சூடு தணியத் தண்ணீர் பீய்ச்சுகிற நேர்த்திக்கடன் சீதாராமனுக்கு உண்டு. தோளில் ஆட்டுத்தோல் துருத்தி, அதன் நுனியில் பித்தளைக் குழாய். தண்ணீரில் சந்தனத்தைக் கரைத்து, பன்னீர் விட்டு, வேட்டித் துணியில் வடிகட்டித் துருத்தியை நிரப்பிக்கொள்வார்கள். வடிகட்டாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். சாமிக்கு முன்னால் போய் நின்று பீய்ச்சத் தண்ணீர் வராமல் போவதைப் போல அவமானம் வேறு கிடையாது.

"அதே மாதிரிதாம்ப்பா," என்று சிரித்தான் ஜுல்பிகர்.

"அழகருக்காவது வருசத்துல ஒருக்காத்தான் சூடு. இவன் வண்டிக்கு நெதமும் சூடு," என்று மகனை இடித்தார் அவர்.

சிரிப்போடு சிரிப்பாக ஜுல்பிகர் சொல்ல வேண்டியதையும் சொன்னான். பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் ஊற்றக்கூடாது, போர் தண்ணீர் கூடாது, கேன் தண்ணீரும் கூடாது. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். எரிந்தால் வண்டி தானாகவே பழைய வேகத்துக்கு இறங்கிக்கொள்ளும்.

"இன்னொரு சென்சார் இருக்கு மாப்ள," என்றான். "இந்த லைட்டு தொட்டியில தண்ணி இருக்கான்னு மட்டுந்தான் சொல்லும். அது குழாய் வழியா நெசமாவே போகுதான்னு சொல்ற சென்சார் வெளியூர்ல இருந்து வரணும்."

"வரட்டும், வந்தப்பறம் மாட்டிக்கிருவோம். அதுக்காக அம்புட்டு நாளு சும்மா நிறுத்தி வைக்கவா?"

ஜுல்பிகர் தலையைச் சொறிந்தான். பிறகு சரி என்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டலைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா.

சித்திரை வந்தது. சீதாராமன் துருத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மதுரைக்குப் போனார். கூட்டத்தில் நசுங்கி, நனைந்து, அழகர்மேல் ஆசை தீரப் பீய்ச்சிவிட்டு வந்தார். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பீய்ச்சியது போகத் துருத்தியில் மிஞ்சுகிற தண்ணீரைக் கீழே கொட்டமாட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து வாசற்படி, கல்லாப்பெட்டி, தையல் மெஷின், அளவுகோல், அடுப்பு என்று வீட்டுக்கு உழைக்கிற எல்லாவற்றின் மேலும் தெளிப்பார்கள். மீதியை ஒரு பாட்டிலில் ஊற்றிச் சாமி அலமாரியில் வைத்துக்கொள்வார்கள்.

அந்த வருஷம் நிறையவே மிஞ்சியிருந்தது. அதே வாரத்தில் ஒரு காலை, ஸ்ரீநாத் சாப்பிட்டுக்கொண்டே, "வண்டியில தண்ணி லைட்டு எரியுது. வாங்கி ஊத்தணும்," என்றான். அப்பாவிடம் சொன்னானா, அம்மாவிடம் சொன்னானா, சும்மா சொன்னானா, அவனுக்கே தெரியாது. சொல்லிவிட்டு மாடிக்கு வேலை பார்க்கப் போய்விட்டான்.

ராதாமணி யோசித்தாள். எல்லாவற்றின் மேலும் தெளித்தாயிற்று, வண்டிமேல் மட்டும் தெளிக்கவில்லை. தையல் மெஷினுக்குத் தண்ணீர் குடிக்கத் தெரியாது. இந்த வண்டி குடிக்கவே செய்கிறதே! என் பிள்ளை தினமும் லாரிக்கு நடுவில் ஓட்டிப்போகிற வண்டி. இதற்குக் கொடுக்காமல் வேறெதற்குக் கொடுப்பது?

அவள் ஒன்றும் அறியாமல் ஊற்றிவிடவில்லை. அழகருக்கு வடிகட்டுகிற மாதிரியே, வெளுத்த வேட்டித் துணியை நான்காக மடித்து, அதில் வடிகட்டினாள். அப்படி வடிகட்டிய தண்ணீர் துருத்திக் குழாயை ஒரு நாளும் அடைத்ததில்லை. அவள் பார்த்த குழாய் அது ஒன்றுதான். மயிரிழை கனத்தில் ஓட்டை உள்ள நாசிலை அவள் எங்கே கண்டாள்? டிக்கியைத் திறந்து, அழகரை நினைத்து, தொட்டி நிறைய ஊற்றினாள். பாட்டிலுக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டாள்.

மஞ்சள் விளக்கு அணைந்துவிட்டது. அப்பா வாங்கி ஊற்றியிருப்பார் என்று ஸ்ரீநாத் நினைத்துக்கொண்டான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இன்றைக்குச் சொல்ல இந்தக் கதை இருந்திருக்காது.

அதற்குப் பிறகு ஒரு தடவை மதுரைக்குப் போய்வந்தான். அப்போது அந்தச் சந்தனத் தண்ணீர் பீய்ச்சியிருக்கிறது. வந்து வண்டியை வெயிலில் நிறுத்தினான். கொதிக்கிற பானட்டுக்குள் நாசில் வாயில் நின்றுபோன துளி காய்ந்தது. நெற்றியில் இட்ட சந்தனம் காய்ந்து இறுகுமே, அப்படி இறுகி வாயை மூடிவிட்டது. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது, போகிற வழி இல்லை. விளக்குக்கு அது தெரியாது. ஊருக்குள் மெதுவாக ஓட்டுகிறபோது தண்ணீருக்குத் தேவையும் இல்லை. வண்டி நல்ல வண்டியாகத்தான் நின்றது.

கத்திரி வெயில் தொடங்கிய ஒரு நடுப்பகல். சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த சீதாராமன் அப்படியே அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சட்டையெல்லாம் வேர்வை. அடுத்த தெரு டாக்டர் ஓடிவந்து பார்த்து, நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தார்.

"உடனே மதுரைக்குப் போகணும். நூத்தியெட்டுக்குச் சொல்லிட்டேன், வந்துக்கிட்டே இருக்கு. ஆக்சிஜனோட போகட்டும்," என்றார்.

"அது வந்து, ஏத்தி, கெளம்பறதுக்குள்ள நான் ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பேன் சார்," என்றான் ஸ்ரீநாத்.

"தம்பி, கொஞ்சம் பொறு."

"எங்கப்பா சார்! எப்படிப் பொறுக்கச் சொல்றீங்க?"

பின் சீட்டில் ராதாமணி மடியில் அவரைச் சாய்த்தார்கள். அவசரத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஏறியிருந்தாள். சாமி அலமாரியிலிருந்த அந்தப் பாட்டில்.

நான்கு வழிச்சாலை ஏறியதும் ஸ்ரீநாத் மிதித்தான். இந்த மாதிரி ஒரு நாளுக்காகத்தான் இந்த வண்டியைச் செய்துவைத்தேன் என்றே அவனுக்குத் தோன்றியதாம். சீதாராமன் கண்ணைத் திறந்து, "மெதுவாப் போடா, நான் எங்கயும் போயிர மாட்டேன்," என்றார். அந்த நேரத்திலும் அவருக்குக் கேலி.

முதலில் ஒரு சத்தம் கேட்டது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி. ஸ்ரீநாத்துக்கு அது என்ன சத்தம் என்று தெரியும். காலை எடுத்திருக்க வேண்டும். விளக்கைப் பார்த்தான். எரியவில்லை. தண்ணீர் இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று இன்னும் மிதித்தான். வழியிலிருக்கிற கப்பலூரைக்கூடத் தாண்டவில்லை. டப் என்று ஒரு அதிர்வு, பின்னால் வெள்ளையாகப் புகை, வண்டி இழுக்காமல் தள்ளாடிச் சாலையோரத்தில் நின்றது.

மரம் இல்லாத இடம், பிள்ளைகளா. கருவேலம் புதர்தான். தார் உருகுகிற வெயில். ஸ்ரீநாத் திரும்பத் திரும்பச் சாவியைத் திருகினான். நூற்றியெட்டுக்குப் போன் செய்தான். ஆம்புலன்ஸ் அவர்கள் வீட்டு வாசலுக்குப் போய், ஆளில்லை என்று பார்த்துவிட்டு நின்றுகொண்டிருந்தது. திரும்பி வருகிறோம் என்றார்கள். அவன் சாலை நடுவில் போய் நின்று கையைக் கையை ஆட்டினான். எல்லாம் வேகமாக வருகிற வண்டிகள். பிரேக் போடுவதற்குள் அவனைத் தாண்டிப் போயின. கடைசியில் தேங்காய் ஏற்றிய ஒரு வேன்காரர் நிறுத்தி இறங்கி ஓடிவந்தார்.

"தண்ணி," என்றார் சீதாராமன்.

ராதாமணி பாட்டிலைத் திறந்தாள். உள்ளங்கையில் ஊற்றி, அவர் உதட்டில் சாய்த்தாள். ஒரு வாய் இறங்கியது. இரண்டாவது வாய் கடைவாயோரம் வழிந்துவிட்டது. வேன்காரர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையிலிருந்த துண்டை எடுத்தார்.

ஆம்புலன்ஸ் அதற்குப் பிறகுதான் வந்தது.

அன்று சாயங்காலமே ஸ்ரீநாத் ஜுல்பிகருக்குப் போன் செய்தான். "எங்கப்பாவைக் கொன்னுட்டியேடா," என்று ஒரு சொல். அதோடு வைத்துவிட்டான். துக்கத்துக்கு வந்த ஜுல்பிகரைத் தெருமுனையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினான். கார் பிரியர்களுக்கென்று வாட்ஸ்அப் கூட்டங்கள் இருக்கின்றனவே, எல்லாவற்றிலும் எழுதிப் போட்டான். வில்லாபுரத்தில் வண்டி விடாதீர்கள், அவன் கைவேலைக்கு என் அப்பாவைப் பலி கொடுத்தேன் என்று. நின்ற வண்டிகளைக்கூடப் பாதி வேலையில் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒர்க்‌ஷாப்பில் சாலையோரத்திலிருந்து ஜுல்பிகரே இழுத்துவந்திருந்த ஸ்ரீநாத்தின் கார் மட்டும் நின்றது. அதை எடுக்கவும் ஆளில்லை.

ஜுல்பிகர் எஞ்சினைப் பிரித்தான். பிஸ்டன் தலையில் விரல் போகிற ஓட்டை. அலுமினியம் மெழுகாக உருகியிருந்தது. இவ்வளவு சூட்டில் தண்ணீர் எங்கே போனது? தொட்டி முக்கால்வாசி நிறைந்திருந்தது. நாசிலைக் கழற்றினான். வாயில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கருகில் கொண்டுபோனான். சந்தனம். தொட்டி மூடியைத் திறந்து முகர்ந்தான். பன்னீர் மணத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்த வீட்டில் அந்தத் தண்ணீரை யார் கை தொடும் என்று அவனுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து மனைவி ஹாஜராவிடம் காட்டினான்.

"போய்ச் சொல்லுங்க," என்றாள் அவள்.

"யாருகிட்ட?"

"உங்க மாப்ளைகிட்டதான். ஊரு பூராம் உங்கள மவுத்துக்குக் காரணம்னு பேசுது. நாளைக்கு நம்ம புள்ளைகளப் பாத்தும் பேசும்."

"அவன்கிட்ட சொன்னா அவங்கம்மா காதுக்குப் போகாதா ஹாஜரா? அந்தம்மா கையால நான் எம்புட்டுத் தண்ணி குடிச்சிருக்கேன் தெரியுமா?"

"குடிச்ச தண்ணிக்கு உங்க பேரையே குடுத்துருவீங்களா? அல்லா அறிய, பொய் சொல்லச் சொல்லல. உண்மையத்தான் சொல்லச் சொல்றேன்."

அவள் சொன்னதிலும் தப்பில்லை. காரியமெல்லாம் முடியட்டும் என்று காத்திருந்து, ஜுல்பிகர் நாசிலைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திருமங்கலம் போனான். ஸ்ரீநாத்தைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மாவுக்குத் தெரியாமல் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினான்.

கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ஸ்ரீநாத் வாசலில் நின்றான், தாடியும் சிவந்த கண்ணுமாக.

"எதுக்கு வந்த?"

"மாப்ள, ஒரு நிமிசம் வெளிய வா. தனியாப் பேசணும்."

"மாப்ளன்னு கூப்புடாத. தனியா என்ன பேச்சு?"

உள்ளேயிருந்து ராதாமணியின் குரல் வந்தது. "யாரு, ஜுல்பியா? ஏன்டா வெயில்ல நிக்க வைக்கிற? உள்ள வரச்சொல்லு."

அவள் உடம்பு கரைந்துபோயிருந்தது. முகத்தில் கண் மட்டும்தான் இருந்தது. ஆனாலும் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். கையிலிருந்து கைக்குக் கொடுத்தாள். ஜுல்பிகர் வாங்கிக் குடித்தான். அவள் நின்று பார்த்தாள். டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"வண்டிக்கு என்னப்பா ஆச்சு? எனக்கு விளங்குற மாதிரி சொல்லு. இவன் சொல்றது எனக்கு ஒண்ணும் புரியல."

"சொல்லி என்னம்மா ஆகப்போகுது. விடுங்க," என்றான் ஜுல்பிகர்.

"அவன் என்னத்த சொல்லுவான்?" என்றான் ஸ்ரீநாத். "செஞ்சது தப்புன்னு ஒத்துக்குவானா? ஓட்டுனவன் சரியில்லம்பான், வெயிலு சரியில்லம்பான். அடுத்தவன் தலையில போட்டுட்டுப் போறதுதான அவனுக்குத் தொழிலு. திருட்டுப் பய."

இத்தனை நாள் பொறுத்தவன், கண்ணுகளா, அந்த ஒரு சொல்லில் பொறுமை இழந்தான். கைக்குட்டையை உருவி ஸ்ரீநாத் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"மோந்து பாருடா! உன் தண்ணி நாசில் இது. மோந்து பாத்துட்டு அப்பறம் சொல்லு, யாரு தலையில போடறதுன்னு!"

ஸ்ரீநாத் முகர்ந்தான். "சந்தனம்..." என்றான். "இதுல எப்படி..."

அந்த இடத்திலேயே ஜுல்பிகருக்குத் தான் செய்தது உறைத்தது. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அதற்குள் ராதாமணி அந்தக் கைக்குட்டையை வாங்கிவிட்டாள். அவளுக்கு முகரத் தேவையே இருக்கவில்லை. அந்த மஞ்சளைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நான்தான் ஊத்துனேன்," என்றாள். "வடிகட்டித்தான் ஊத்துனேன். நாலா மடிச்சு வடிகட்டுனேனே."

வெளியே ரோட்டில் பஸ்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

ஜுல்பிகர் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "அம்மா, தண்ணி மட்டும் காரணம் இல்லம்மா. தண்ணி போகலன்னா சொல்ற சென்சாரை நான் மாட்டல. அது இல்லாம வேகத்தை ஏத்திக் குடுத்திருக்கக் கூடாது. தொழில் தெரிஞ்சவன் நான். என் தப்பும்மா."

"மாட்ட வேணாம், அப்பறம் பாத்துக்கலாம்னது நான்," என்றான் ஸ்ரீநாத். "ஆம்புலன்ஸ் வேணாம்னதும் நான். சத்தம் கேட்டும் கால எடுக்காததும் நான்."

பழியைப் பங்கு போட்டால் ஆளுக்குக் கொஞ்சமாக வரும் என்று நாம் நினைக்கிறோம். இல்லை. ஆளுக்கு ஆள் முழுசாகவே வந்து சேர்கிறது.

ராதாமணி இவர்கள் சொன்னதைக் கேட்டாளா, கேட்கவில்லையா தெரியாது. நாசிலின் சின்ன வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நிமிர்ந்து, ஜுல்பிகரைப் பார்த்து மெல்லக் கேட்டாள்.

"அதே தண்ணியைத்தானேப்பா அவர் வாயிலயும் ஊத்துனேன். அவருக்கும் இப்படி அடைச்சிருக்குமோ?"

"ஐயோ, இல்லம்மா!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அடுத்த தெரு டாக்டரைக் கூட்டிவந்து சொல்லச் சொன்னார்கள். அவரும் சொன்னார், அது அப்படி ஆகாதும்மா, அவர் போனது நெஞ்சு அடைப்பால், கடைசி வாய்த் தண்ணீர் அவருக்கு ஆறுதல்தான் என்று. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அதுவரைக்கும் அவளுக்கு இருந்த ஒரே ஆறுதலும் அதுதான். அழகர் தண்ணீர் தொண்டையில் இறங்கித்தான் போனார் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றோடு அதைச் சொல்வதை விட்டுவிட்டாள்.

அன்றோடு இன்னொன்றையும் விட்டாள். ஜுல்பிகர் வாங்கிக் குடித்ததுதான் கடைசி. அதற்குப் பிறகு அவள் தன் கையால் யாருக்கும் தண்ணீர் கொடுத்ததில்லை. கடை வாசலில் ஒரு டிரம்மை வைத்து, சங்கிலியில் டம்ளரைக் கட்டிப்போட்டாள். யாராவது கேட்டால், "அங்க இருக்கு, மோந்து குடிச்சுக்கங்க," என்று முகத்தால் காட்டுவாள். மகனுக்கும் அப்படித்தான். சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், தண்ணீரை அவனே எடுத்துக்கொள்ள வேண்டும். துருத்தி ஆணியில் தொங்கித் தோல் வெடித்துவிட்டது.

ஸ்ரீநாத் தான் எழுதிய இடத்திலெல்லாம் மறுபடி எழுதினான், நண்பன் மேல் குற்றமில்லை என்று. முதல் சொல் ஓடின தூரம் இரண்டாவது சொல் ஓடாது, உங்களுக்கே தெரியும். சில வண்டிகள் திரும்பி வந்தன. பல வரவில்லை. ஜுல்பிகர் அந்த எஞ்சினைச் சரிசெய்து, தண்ணீர்த் தொட்டியையும் குழாயையும் கழற்றிப் போட்டு, கம்பெனி கொடுத்த பழைய வேகத்துக்கே இறக்கிக் கொண்டுவந்து நிறுத்தினான். ஸ்ரீநாத் அதை விற்றுவிட்டு இப்போது பஸ்ஸில் போய்வருகிறான். சொல்லச் சொன்னது நான்தானே என்று ஹாஜரா இன்றைக்கும் சில நாள் சோற்றில் கைவைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

ஜுல்பிகர் மட்டும் விடுவதாக இல்லை. வேலை விஷயமாகத் திருமங்கலம் பக்கம் போனாலும் சரி, வேலையே இல்லாவிட்டாலும் சரி, கடைப் படியேறி ராதாமணி முன்னால் போய் நிற்பான்.

"அம்மா, தண்ணி குடுங்க."

"அங்க இருக்குப்பா. மோந்துக்க."

"உங்க கையால குடுங்க."

அவள் சேலை மடிக்கிற மாதிரி குனிந்துகொள்வாள். இவன் கொஞ்ச நேரம் நிற்பான். வெயிலில் நாக்கு ஒட்டிப்போய் வந்திருப்பான். ஆனாலும் டிரம் பக்கம் போகமாட்டான். "சரிம்மா, போயிட்டு வாரேன்," என்று தாகத்தோடேயே இறங்கிப் போவான். அடுத்த தடவையும் வருவான், அதையே கேட்பான்.

ஒரு முறை அவள் எழுந்து உள்ளே போனாளாம். டம்ளரை எடுத்து நிரப்புகிற சத்தம்கூடக் கேட்டதாம். நிலைப்படி வரைக்கும் கொண்டுவந்தவள், அங்கேயே நின்று, டம்ளருக்குள் உற்று உற்றுப் பார்த்தாள். கை நடுங்கித் தண்ணீர் தளும்பியது. திரும்பிப் போய்ப் பின்முற்றத்தில் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள். "போயிட்டு வாரேன்மா," என்றான் ஜுல்பிகர்.

இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். இன்னும் கொடுக்கவில்லை.

அவ்வளவுதான், என் கண்ணுகளா. எழுந்திருங்கள், இருட்டுவதற்குள் வீடு சேருங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். வெளியே போன பிள்ளைகள் வேகத்தை மறந்து வீட்டை நினைத்துத் திரும்பட்டும். உங்கள் வீட்டில் தாகம் என்று கேட்டவர்களுக்கு நீட்ட ஒரு கை எப்போதும் இருக்கட்டும்; அந்தக் கை ஒருநாளும் நடுங்காமல் இருக்கட்டும்; அது கொடுக்கிற தண்ணீர் குடித்தவர் வயிற்றில் குளிரட்டும், உங்கள் குலத்தில் குளிரட்டும்.